மருந்து பாட்டிலில் பார்க்க வேண்டியது நிறத்தை அல்ல, லேபிளை!

கூடுவாஞ்சேரி ஜி.எஸ்.டி. சாலையில் ஏதாவது ஒரு மெடிக்கல் ஷாப்பில் பத்து நிமிடம் நின்று பாருங்கள். "அண்ணே, போன தடவை குடுத்தீங்களே, அந்த ஆரஞ்சு கலர் டானிக், அதையே குடுங்க." "சிவப்பு கலர்ல இருக்குமே, குழந்தைக்கு சளி மருந்து, அது ஒண்ணு." மாத்திரை வாங்கும்போது பெயர் சொல்கிற நாம், திரவ மருந்து என்றால் நிறம் சொல்லித்தான் கேட்கிறோம்.

ஆனால் அந்த நிறத்துக்கும் மருந்துக்கும் சம்பந்தமே இல்லை. ஆரஞ்சு, சிவப்பு, பச்சை எல்லாமே பெரும்பாலும் தனியாகச் சேர்க்கப்படும் நிறமிதான். இனிப்பும் வாசனையும் அப்படித்தான். ஒரே மருந்தை ஒரு நிறுவனம் ஆரஞ்சு நிறத்திலும் இன்னொரு நிறுவனம் இளஞ்சிவப்பிலும் தயாரிக்கலாம். இரண்டு வேறு வேறு மருந்துகள் ஒரே நிறத்தில் இருக்கவும் செய்யலாம்.

அப்படியானால் பாட்டிலில் எதைப் பார்க்க வேண்டும்? அதைத்தான் இந்தக் கட்டுரையில் ஒவ்வொன்றாகத் தெரிந்துகொள்ளப் போகிறோம். அதற்கு முன், இது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதைப் பார்த்துவிடலாம்.

நம் பக்கத்து ஊரில் நடந்தது

2025 செப்டம்பரில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில், சாதாரண சளி, காய்ச்சலுக்கு மருந்து குடித்த சிறு குழந்தைகள் அடுத்தடுத்து சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். உயிரிழந்த குழந்தைகளின் எண்ணிக்கை 20-ஐத் தாண்டியது. பெரும்பாலும் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்கள். அவர்கள் குடித்த மருந்துகளில் ஒன்று 'கோல்ட்ரிஃப்' என்ற இருமல் சிரப்.

அந்த மருந்து தயாரானது, நமக்கு அடுத்த மாவட்டமான காஞ்சிபுரத்தின் சுங்குவார்சத்திரத்தில் இயங்கிய ஸ்ரீசன் பார்மசூட்டிகல்ஸ் நிறுவனத்தில். மத்தியப் பிரதேச அரசிடமிருந்து தகவல் வந்ததும், அக்டோபர் 1 அன்று தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை தொழிற்சாலையில் ஆய்வு நடத்தி மாதிரிகளை எடுத்தது. மாநிலம் முழுவதும் அந்த மருந்தின் விற்பனை நிறுத்தப்பட்டது. எஸ்.ஆர்.-13 என்ற தொகுதி எண் கொண்ட மருந்தைச் சோதித்தபோது, அதில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு வேதிப்பொருள் 48.6 சதவீதம் இருப்பது தெரிந்தது. இது இருக்கக்கூடிய உச்ச அளவு 0.1 சதவீதம்தான். வேறு மாதிரி சொன்னால், 5 மில்லி மருந்தில் ஏறத்தாழ 2.4 கிராம் விஷம்.

நிறுவனத்தின் உரிமையாளர் கைது செய்யப்பட்டார். நிறுவனத்தின் உரிமம் அக்டோபர் 13 அன்று முழுமையாக ரத்து செய்யப்பட்டது. மூத்த மருந்து ஆய்வாளர்கள் இருவர் பணியிடைநீக்கம் செய்யப்பட்டனர். உலக சுகாதார நிறுவனமும் எச்சரிக்கை வெளியிட்டது.

இதில் நாம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. நாடு முழுவதும் எந்தப் பாட்டிலைத் தேடி அகற்ற வேண்டும் என்பதை அடையாளம் காட்டியது மருந்தின் நிறமோ மணமோ அல்ல. லேபிளின் ஓரத்தில் பொடி எழுத்தில் இருந்த அந்தத் தொகுதி எண்.

கண்ணால் ஏன் கண்டுபிடிக்க முடியாது?

தண்ணீரில் எளிதில் கரையாத மருந்துகளைக் கரைப்பதற்காக, புரோப்பிலீன் கிளைக்கால், கிளிசரின் போன்ற திரவங்களைச் சிரப்பில் சேர்ப்பார்கள். மருந்துத் தரத்தில் இருந்தால் இவற்றால் பிரச்சினை இல்லை. ஆனால் தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கான மலிவான சரக்கை வாங்கினாலோ, வாங்கியதைச் சோதிக்காமல் ஊற்றினாலோ, அதில் டைஎத்திலீன் கிளைக்கால் கலந்திருக்கும் ஆபத்து உண்டு. இது பிரேக் ஆயில் போன்றவற்றில் பயன்படும் பொருள்.

இதற்கு நிறம் கிடையாது. வாசனை கிடையாது. பாகு மாதிரி கொழகொழப்பாக இருக்கும். சுவையும் இனிப்பு! சிரப்பில் கலந்தால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. குழந்தையும் முகம் சுளிக்காமல் குடித்துவிடும்.

இது புதிய கதையும் இல்லை. 1937-ல் அமெரிக்காவில் இதே பொருளில் கரைத்து விற்கப்பட்ட சல்ஃபனிலமைடு மருந்தால் 100-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் விளைவாகத்தான் 1938-ல் அங்கே புதிய மருந்துச் சட்டம் வந்தது. 1972-ல் நம் சென்னையிலேயே குழந்தைகள் இறந்தார்கள். 1986-ல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் கலப்பட கிளிசரினால் நோயாளிகள் இறந்தார்கள். 2022-ல் காம்பியாவிலும் உஸ்பெகிஸ்தானிலும் இந்தியாவில் தயாரான சிரப்புகளோடு தொடர்புபடுத்தப்பட்ட குழந்தைகளின் மரணங்கள் உலகச் செய்தியாயின.

ஆகவே ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். மருந்து கெட்டுப்போயிருந்தால் நம் கண்ணுக்குத் தெரிய வாய்ப்பு உண்டு. மருந்தில் விஷம் கலந்திருந்தால் தெரியாது. அதைக் கண்டுபிடிப்பது தயாரிப்பாளர், ஆய்வகம், அரசு ஆகியோரின் பொறுப்பு. 'பார்த்து வாங்கியிருக்கலாமே' என்று பெற்றோரைக் குறை சொல்வதில் அர்த்தமே இல்லை. நம் கையில் இருப்பது வேறு இரண்டு வேலைகள்: கெட்டுப்போனதைக் கண்ணால் பார்த்து ஒதுக்குவது, லேபிளைப் படித்து, பத்திரப்படுத்தி, தேவையான நேரத்தில் பயன்படுத்துவது.

திரவ மருந்துகளில் எத்தனை வகை?

எல்லாவற்றையும் 'டானிக்' என்று சொல்லிவிடுகிறோம். உள்ளே இருப்பதைப் பொறுத்து இவை வேறு வேறு.

சிரப்: மருந்து முழுவதும் கரைந்திருக்கும். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் தெளிவாக இருக்க வேண்டும். அடியில் தூள், மிதக்கும் நூல் மாதிரி ஏதாவது தெரிந்தால் கொடுக்காதீர்கள்.

சஸ்பென்ஷன்: மருந்து கரையாமல் மிதக்கும். கலங்கலாகத்தான் இருக்கும், அது இயல்பு. வைத்திருந்தால் மருந்து அடியில் படியும். குலுக்காமல் ஊற்றினால் முதல் நாள் வெறும் தண்ணீரும் கடைசி நாள் மருந்து மொத்தமும் குழந்தைக்குப் போகும். அதனால்தான் 'நன்றாகக் குலுக்கவும்' என்று லேபிளில் போட்டிருக்கிறார்கள். குலுக்கிய பிறகும் கட்டி கரையவில்லை என்றால் அந்தப் பாட்டில் வேண்டாம்.

டிரை சிரப்: தூளாக வரும் ஆன்டிபயாடிக் மருந்துகள். முதலில் பாட்டிலைத் தட்டி, தூளை உதிர்த்துக்கொள்ளுங்கள். காய்ச்சி ஆறவைத்த தண்ணீரையோ, கூடவே கொடுத்திருக்கும் தண்ணீரையோ பாதி ஊற்றிக் குலுக்கி, பிறகு பாட்டிலில் உள்ள கோடு வரை ஊற்றிக் குலுக்க வேண்டும். வெந்நீர் கூடாது. கலந்த பிறகு இதன் ஆயுள் சில நாட்கள்தான். எத்தனை நாள், ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டுமா என்பது லேபிளில் இருக்கும். கலந்த தேதியைப் பேனாவால் லேபிளிலேயே எழுதிவிடுங்கள். மீதியை அடுத்த காய்ச்சலுக்கு எடுத்து வைக்காதீர்கள்.

சொட்டு மருந்து: கைக்குழந்தைகளுக்கானது. அளவு குறைவு, வீரியம் அதிகம். அதிகம் தவறு நடப்பது இங்கேதான். கீழே விரிவாகப் பார்ப்போம்.

கெட்டுப்போனதன் அடையாளங்கள்

வாங்கும்போது மூடியின் சீல் உடைந்திருந்தாலோ, மூடியைச் சுற்றிப் பிசுபிசுவென்று கசிந்திருந்தாலோ வேறு பாட்டில் கேளுங்கள். வீட்டில் வைத்திருந்த மருந்தின் நிறம் மாறியிருப்பது, புளித்த வாடை, திறக்கும்போது 'புஸ்' என்று காற்று வருவது, பூஞ்சை, கெட்டியாகத் திரிந்திருப்பது, பாட்டில் உப்பியிருப்பது இவற்றில் எது இருந்தாலும் அந்த மருந்தைக் கொடுக்கக் கூடாது.

நம் ஊர் வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். பல சிரப்புகளில் 25 அல்லது 30 டிகிரி செல்சியஸுக்குக் கீழே வைக்கச் சொல்லியிருப்பார்கள். சித்திரை வெயிலில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே இருக்கிற அலமாரியோ, டிவி மேலேயோ, நிறுத்திய காரின் உள்ளேயோ இருக்கிற சூடு அதைவிட எவ்வளவோ அதிகம். வீட்டிலேயே குளிர்ச்சியான, வெயில் படாத, குழந்தையின் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். ஃப்ரிட்ஜில் வைக்கச் சொல்லாத மருந்தை ஃப்ரிட்ஜில் வைக்கத் தேவையில்லை.

லேபிளில் எங்கே என்ன இருக்கும்?

பெரும்பாலான லேபிள்கள் ஆங்கிலத்தில், பொடி எழுத்தில்தான் இருக்கின்றன. இங்கிலீஷ் தெரியாது என்று தயங்க வேண்டாம். கடையில் இருக்கும் பார்மசிஸ்டிடம், "இதுல என்ன போட்டிருக்கு, படிச்சுச் சொல்லுங்க" என்று கேளுங்கள். மருந்தை விளக்குவதும் அவருடைய வேலைதான். கேட்க வேண்டியவை இவை:

1. மருந்தின் மூலப்பெயர். பெரிதாக இருக்கும் பிராண்டு பெயர் நிறுவனம் வைத்தது. உள்ளே இருக்கும் மருந்தின் உண்மையான பெயர் அதோடு சேர்த்து அச்சிடப்பட்டிருக்கும். இரண்டு டாக்டர்கள் இரண்டு பிராண்டு எழுதிக் கொடுத்து, இரண்டிலும் பாரசிட்டமால் இருந்தால், குழந்தைக்கு இரண்டு மடங்கு மருந்து போய்விடும். மூலப்பெயரைப் பார்த்தால்தான் இது தெரியும்.

2. வீரியம். 'ஒவ்வொரு 5 மில்லியிலும்' அல்லது 'ஒவ்வொரு மில்லியிலும்' எத்தனை மில்லிகிராம் என்று இருக்கும்.

3. தொகுதி எண். ஒரே நேரத்தில், ஒரே கலவையில் தயாரான பாட்டில்கள் எல்லாவற்றுக்கும் ஒரே எண். இங்கிலீஷில் 'பேட்ச் நம்பர்' அல்லது 'பி. நோ.' என்று சுருக்கமாக இருக்கும்.

4. தயாரித்த மாதம், காலாவதி மாதம். மாதமும் ஆண்டும் மட்டும் போட்டிருந்தால், அந்த மாதத்தின் கடைசி நாள் வரை பயன்படுத்தலாம் என்று பொருள். ஆனால் இது திறக்காத பாட்டிலுக்குத்தான். உதாரணமாக, கண் சொட்டு மருந்தைத் திறந்த ஒரு மாதத்துக்குள் முடித்துவிட வேண்டும், காலாவதிக்கு இன்னும் ஒரு வருடம் இருந்தாலும் சரி.

5. தயாரிப்பாளரின் பெயர், முகவரி, உரிம எண். ஒரு நிறுவனம் தயாரித்து இன்னொரு நிறுவனம் விற்பதும் உண்டு. விற்பவர் பெயர் பெரிதாக இருக்கலாம். தயாரித்தவர் யார் என்பதைத் தனியாகப் பாருங்கள். முகவரியோ உரிம எண்ணோ இல்லாத பாட்டிலை வாங்க வேண்டாம்.

6. ஆர்.எக்ஸ். குறி. ஆங்கில 'ஆர்' எழுத்தின் வாலில் குறுக்கே ஒரு கோடு போட்ட மாதிரி இருக்கும். இது இருந்தால், டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து என்று பொருள். அந்தக் குறி சிவப்பில் இருந்து, சிவப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கையும் இருந்தால் இன்னும் கூடுதல் கவனம் தேவை.

7. வயது எச்சரிக்கை. குளோர்ஃபெனிரமின் மாலியேட், ஃபீனைலெஃப்ரின் ஆகிய இரண்டும் சேர்ந்த சளி மருந்தை 4 வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று லேபிளில் அச்சிட, 2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு உத்தரவிட்டது. கோல்ட்ரிஃப் மருந்தில் இருந்ததும் இந்த இரண்டும் பாரசிட்டமாலும்தான்.

இதோடு 2025 அக்டோபர் 3 அன்று மத்திய சுகாதார சேவைகள் இயக்குநரகம் சொன்னதையும் நினைவில் வையுங்கள்: 2 வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்துகளை எழுதவோ கொடுக்கவோ கூடாது, 5 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை. குழந்தைகளின் சளி, இருமல் பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும்.

ஒரு சின்னக் கணக்கு

பாரசிட்டமால் கடையில் மூன்று விதமாகக் கிடைக்கிறது. சாதாரண சிரப்பில் 5 மில்லிக்கு 125 மில்லிகிராம். வீரியம் கூடியதில் 5 மில்லிக்கு 250 மில்லிகிராம். சொட்டு மருந்தில் 1 மில்லிக்கு 100 மில்லிகிராம்.

இப்போது கணக்கைப் பாருங்கள். டாக்டர் சாதாரண சிரப் 5 மில்லி கொடுக்கச் சொல்கிறார். அதாவது 125 மில்லிகிராம். வீட்டில் இருப்பது வீரியம் கூடிய பாட்டில். அதே 5 மில்லி கொடுத்தால் 250. பாப்பாவுக்கு வாங்கி வைத்த சொட்டு மருந்திலிருந்து 5 மில்லி கொடுத்தால் 500! சொல்லப்பட்ட அளவைப் போல நான்கு மடங்கு. இப்படித் திரும்பத் திரும்பக் கொடுத்தால் கல்லீரல் பாதிக்கப்படும்.

எனவே 'எத்தனை மில்லி' என்பதோடு 'எந்த வீரியம்' என்பதையும் டாக்டரிடம் கேட்டு, சீட்டில் எழுதி வாங்குங்கள். சென்ற வருடம் சொன்ன அளவு இந்த வருடம் பொருந்தாது. குழந்தையின் எடை மாறியிருக்கும்.

அளப்பதற்குப் பாட்டிலோடு வரும் அளவு மூடி, டிராப்பர், ஊசி இல்லாத சிரிஞ்சு ஆகியவற்றைத்தான் பயன்படுத்த வேண்டும். வீட்டு ஸ்பூன் ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவு. பாலாடையில் குத்துமதிப்பாக ஊற்றிப் புகட்டும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. புகட்டுவது பாலாடையில் இருக்கட்டும், அளப்பது அளவு மூடியில் நடக்கட்டும். அந்த மருந்தின் டிராப்பரை இன்னொரு மருந்துக்குப் போடாதீர்கள்.

இதைச் செய்யாதீர்கள்

மருந்தை வேறு பாட்டிலுக்கு மாற்றாதீர்கள். மாற்றிய அந்த நிமிடமே அதன் பெயர், வீரியம், தொகுதி எண், காலாவதி எல்லாம் போய்விடும். மண்ணெண்ணெய், பினாயில், ஆசிட் போன்றவற்றைப் பழைய மருந்து பாட்டிலில் ஊற்றி வைப்பதும் அதே அளவு ஆபத்து.

அட்டைப்பெட்டியை வாங்கியவுடன் தூக்கி எறியாதீர்கள். மருந்து முடியும் வரை பெட்டியும் பில்லும் இருக்கட்டும். ரசீது கேட்டு வாங்குங்கள், அதில் தொகுதி எண் இருக்கிறதா என்று பாருங்கள். செல்போன் இருந்தால் லேபிளை நான்கு பக்கமும் ஒரு போட்டோ எடுத்து வைத்துவிடுங்கள். ஒரு நிமிட வேலைதான். நாளை ஏதாவது ஒரு தொகுதிக்குத் தடை என்று செய்தி வந்தால், 'நம்ம வீட்டு பாட்டிலா அது?' என்ற கேள்விக்கு உடனே பதில் கிடைக்கும்.

'எம்பொண்ணுக்குக் கேட்டுச்சு, உம்பையனுக்கும் கொடு' என்று பக்கத்து வீட்டு பாட்டிலை வாங்கிக் கொடுக்காதீர்கள்.

அவசர அடையாளங்கள்

சிரப் குடித்த குழந்தைக்கு வாந்தி, வயிற்று வலி, வழக்கத்துக்கு மாறான சோர்வு, தூக்கக் கலக்கம் வந்தால் மருந்தை உடனே நிறுத்துங்கள். முக்கியமாக, சிறுநீர் குறைந்தாலோ நின்றாலோ ஒரு மணி நேரமும் காத்திருக்க வேண்டாம். இது சிறுநீரகப் பாதிப்பின் அடையாளமாக இருக்கலாம். 108 ஆம்புலன்ஸை அழையுங்கள். போகும்போது குடித்த பாட்டிலையும் பெட்டியையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். சிகிச்சை தரும் டாக்டருக்கு அந்த லேபிள் பெரிய உதவி.

யாரிடம் சொல்வது?

மருத்துவ ஆலோசனைக்கு 104-ஐ அழைக்கலாம். மருந்தால் ஏற்பட்ட பக்கவிளைவைத் தெரிவிக்க 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது. டாக்டர்தான் சொல்ல வேண்டும் என்பதில்லை, நோயாளியோ பெற்றோரோ நேரடியாகச் சொல்லலாம்.

மருந்தின் தரத்தில் சந்தேகம், லேபிளில் குறை, ரசீது தர மறுப்பது, காலாவதியானதை விற்பது போன்ற புகார்களை உங்கள் பகுதி மருந்து ஆய்வாளரிடமோ, சென்னை தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் உள்ள மருந்துக் கட்டுப்பாட்டு இயக்குநர் அலுவலகத்துக்கோ எழுத்தில் கொடுக்கலாம். முதல்வரின் முகவரி உதவி எண் 1100-லும் பதிவு செய்யலாம். புகாரில் மருந்தின் பெயர், தொகுதி எண், தயாரிப்பாளர், காலாவதி மாதம், வாங்கிய கடை, வாங்கிய தேதி ஆகிய ஆறும் இருக்கட்டும். மீதி மருந்தைக் கொட்டிவிடாதீர்கள், அதுதான் சாட்சி.

இன்னும் ஓர் உரிமை பலருக்குத் தெரிவதில்லை. 1940-ம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தின் 26-வது பிரிவின்படி, தான் வாங்கிய மருந்தை, உரிய விண்ணப்பமும் கட்டணமும் செலுத்தி, அரசு பகுப்பாய்வாளரிடம் சோதனைக்குக் கொடுத்து அறிக்கை பெற யாருக்கும் உரிமை உண்டு. தனி நபராகவும் கேட்கலாம், நுகர்வோர் அமைப்பு மூலமாகவும் கேட்கலாம்.

சுருக்கமாக

வாங்கும்போது: சீல், மூலப்பெயர், வீரியம், காலாவதி, தயாரிப்பாளர் முகவரி, ரசீது.

கொடுக்கும்போது: குலுக்கல், சரியான அளவுகருவி, குழந்தையின் வயது, எடை.

கொடுத்த பிறகு: பாட்டில், பெட்டி, லேபிள் போட்டோ பத்திரம். குழந்தை சிறுநீர் கழிப்பதில் ஒரு கண்.

விஷம் கலந்த மருந்தைத் தடுக்கிற பொறுப்பு தயாரிப்பாளருக்கும் அரசுக்கும் உரியது. அந்தப் பொறுப்பு தவறும்போது அதை விரைவாக வெளியே கொண்டுவர, நாம் பத்திரப்படுத்தி வைத்திருக்கும் ஒரு லேபிள் போதும். இன்று சாயந்திரம் வீட்டில் இருக்கிற மருந்து பாட்டில்களை எல்லாம் எடுத்து வைத்து, பெயரும் தேதியும் படிக்க முடிகிறதா என்று ஒருமுறை பாருங்கள். படிக்க முடியாததைக் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள்.